கோதண்டபாணியின் பாய்லர் அணைந்த நேரங்கள்

செவிலிமேட்டில் கோதண்டபாணி நடத்தும் பட்டுநூல் சாயப்பட்டறையின் பாய்லர், பக்கத்தில் நின்று யாராவது பொய் சொன்னால் அணைந்துவிடும். டீசலில் எரியும் சாதாரண பாய்லர்தான். சாயத் தொட்டிகளுக்கு நீராவி கொடுப்பது அதன் வேலை. வாங்கிய புதிதில் இரண்டு வருஷம் எல்லாப் பொய்யையும் கேட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் எரிந்தது. 2022 ஆடி மூன்றாவது வாரத்தில் அதற்குப் பொறுக்கவில்லை. ஏன் அந்த வாரம் என்று ஆராய யாருக்கும் நேரமில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு நூல் கேட்டு நெசவாளர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தீ அணைந்தது. ஒவ்வொரு தடவையும் பாய்லர் ஆபரேட்டர் அந்தோணி ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க, தொட்டியில் கிடந்த நூல் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறி, அரக்கும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் விழித்தது. கோதண்டபாணி பழியை அந்தோணி மேல் போட்டார். "நீ தூங்கிக்கினு இருக்கறபா, அதான் அணையுது" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கத்திய நிமிஷமே பாய்லர் அணைந்தது. எதிரில் கண்ணைத் திறந்தபடி நின்ற அந்தோணிதான் அதற்கும் காரணம் என்றார். மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். தூங்கினான் என்று அனுப்பப்பட்ட பாய்லர் ஆபரேட்டரைக் காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டறையும் சேர்க்காது. பதினேழு வருஷமாக வேலை நேரத்தில் கொட்டாவிகூட விடாத மனிதருக்கு அந்தப் பெயர்தான் வேலையைவிட அதிகமாக வலித்தது. அவர் சண்டை போடவில்லை. பாய்லர் கம்பெனிக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொன்னார்.

மறுநாள் சர்வீஸ் இன்ஜினியர் சுகாசினி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தீயைப் பார்க்கும் சென்சாரைத் துடைத்தார், டீசல் பீய்ச்சும் முனையை மாற்றினார், வயர்களை இழுத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு கன்ட்ரோல் பெட்டியின் நினைவில் இருந்த பதிவை எடுத்தார். என்ன கோளாறு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று பெட்டி தானாகக் குறித்துவைத்துக்கொள்ளும். அறுபத்து மூன்று தடவை அணைந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு முன்னால் ஒரு தடவைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. கோதண்டபாணி சாப்பிட வீட்டுக்குப் போகும் ஒன்றிலிருந்து இரண்டரை வரைக்கும் இல்லை. அந்தோணி மணிக்கொரு தடவை அழுத்தமும் தண்ணீர் மட்டமும் எழுதிவைக்கும் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்துக் கத்திய அந்த ஒரு தடவை போக, பாய்லர் அணைந்த நேரத்துக்கெல்லாம் குறிப்பில் ஒரே வரிதான்: முதலாளி போனில்.

கோதண்டபாணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நூல் கேட்டு யார் கூப்பிட்டாலும் போனோடு பாய்லரிடம் ஓடிவருவார். அந்த இரைச்சல் காதில் விழுந்தால், வேலை மும்முரமாக நடக்கிறது என்று எதிர்முனைக்காரர் நம்பிவிடுவார். போன் அலைதான் பெட்டியைக் குழப்புகிறது என்று நினைத்த சுகாசினி, அவரை அங்கேயே நின்று பேசச் சொன்னார். அவர் மனைவி நீலாம்பாளைப் போனில் கூப்பிட்டு, "கத்திரிக்கா வாங்கிட்டேம்மா" என்றார். வாங்கியிருந்தார். தீ அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஐயம்பேட்டை நெசவாளர் கைலாசம் கூப்பிட்டார்.

"கேக்குதாபா? பாய்லர் ஓடிக்கினு இருக்குது. உன் நூலு காஞ்சிக்கினு இருக்குது, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

நூல் இன்னும் நனையவே இல்லை. பாய்லர் பொட்டென்று அணைந்தது.

சுகாசினி முறையாகப் படித்தவர். ஒரே தடவையில் எதையும் நம்பமாட்டார். ரீசெட் பொத்தானை அழுத்தித் தீ பிடித்ததும் பாய்லர் பக்கம் திரும்பி, "எனக்கு வயசு இருபத்தி நாலு" என்றார். அணைந்தது. மறுபடி ஏற்றிவிட்டு, "முப்பத்தொண்ணு" என்றார். எரிந்தது. அறிக்கையில் 'கோளாறு: சுற்றுப்புறப் பேச்சு. இயந்திரம் நலம். ஆபரேட்டர் விழிப்புடன் இருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோதண்டபாணியிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார்.

கோதண்டபாணியும் அந்தோணியும் பாய்லர் முன்னால் தனியாக நின்றார்கள். "தெரியாம சொல்லிட்டேன்பா" என்றார் கோதண்டபாணி. தீ அணைந்தது. அந்தோணி பொத்தானை அழுத்தினார். "கோவத்துல வாய் தவறிடுச்சு." மறுபடி அணைந்தது. மறுபடி அழுத்தினார். கோதண்டபாணி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். இந்தப் பாய்லரு வேணாம்னு வீட்ல அத்தினி பேரும் சொன்னாங்க. நான்தான் புடிவாதமா வாங்கினேன். அதுல கோளாறுன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு." தீ நின்று எரிந்தது. அந்தோணி வேலையில் நீடித்தார்.

அதற்குப் பிறகு ஊர் இந்த விஷயத்துக்குப் பழகிவிட்டது. நூல் கேட்பவர்கள், "பாய்லர்கிட்ட நின்னு சொல்லுபா" என்கிறார்கள். கோதண்டபாணி சரியான தேதி சொல்வதால் இப்போது வேலை இரண்டு பங்கு வருகிறது. தவிர்க்க முடியாத பொய்களுக்கு எதிர்ப்பக்க டீக்கடை வரை நடக்கிறார், சர்க்கரையும் குறைந்திருக்கிறது. ஊரில் பெண் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை பாய்லர் பார்க்க அழைத்துவரப்பட்டார்கள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

வருடாந்தரச் சோதனைக்காகப் பாய்லரை ஆறவிட்டு மறுபடி மூட்டும் நாளில், கோதண்டபாணி அந்தோணியிடம் ஒரு கேள்வி கேட்பார். "அந்தக் கோவம் போயிடுச்சாபா?" முதல் வருஷம் அந்தோணி, "போயிடுச்சு மொதலாளி" என்றார். பாய்லர் அணைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. இந்த வருஷம் அந்தோணி, "கொஞ்சம் இருக்குது" என்றார். தீ சீராக எரிந்தது. கோதண்டபாணி தலையாட்டிக்கொண்டார், இருவரும் சேர்ந்து நூலைத் தொட்டியில் இறக்கினார்கள்.