கல்பூதமும் வெறும் சேறும்

மனித குலம் தோன்றிய நாள்முதல் தீராமல் கிடந்த ஒரு வழக்கில், சென்ற ஞாயிறு பிற்பகல் மூன்றே முக்காலுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதை உலகத்தார் அனைவரும் அறிந்துகொள்வார்களாக. தீர்ப்பு வெளியானபோது உலகத்தார் நான்கு பேரும் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர். ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் கூடி விளையாடுகிறார்கள். ஆளுக்கொரு வேடம்; அதன் பலமும் பலவீனமும் ஒரு தாளில். என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். அதனால் என்ன ஆயிற்று என்பதை நடுவர் சொல்வார். நடுவர், மனைவியின் அண்ணன்தான். மற்ற நாட்களில் அவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர், அதாவது நிராகரிப்பவர். அழுகை, கெஞ்சல், சிபாரிசு எதுவும் அவர்மேல் ஒட்டியதாகச் சரித்திரம் இல்லை.

கடைக்காரர் மந்திரவாதி. ஊர் டாக்டர்கள் கிறுக்கியதையெல்லாம் ஆறு நாளும் எடுத்துக் கொடுக்கிற மனிதர், ஏழாம் நாள் மட்டும் தன் யோசனைப்படி எதையாவது செய்தார். ஒன்பது வருடம் அதே மந்திரவாதி. டானிக் கறை படிந்த அந்தத் தாளைத் தன் படிப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தார். வேடம் செத்துவிட்டால் தாளை அவரவர் கையாலேயே கிழித்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அன்றைக்குக் கோட்டையின் கடைசி அறையில் கல்பூதம் நின்றது. விளையாட்டுப் பலகையில் அது ஒரு வயிற்றெரிச்சல் மருந்து பாட்டில். மனைவியின் வாள்வீராங்கனையும் டாக்டரின் பூசாரியும் முதல் அடியிலேயே வெளியே ஓடிவிட்டார்கள். மந்திரவாதி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டான். வாசலை மறித்துப் பூதம். நெருப்பு, பனி, மின்னல் மூன்றையும் வீசிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் நடுவர் விதிநூலில் விரலை வைத்து அதே ஒரு வரியைப் படித்தார்: இதன்மேல் எந்த மந்திரமும் பலிக்காது. மூன்றாம் தடவை படித்தபோது அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

கையில் மிச்சம் ஒன்றே ஒன்று, கல்லைச் சேறாக்கும் மந்திரம். பூதத்தின் காலடித் தரையின்மேல் அதைப் போடுவதாகக் கடைக்காரர் அறிவித்தார். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, அதுவும் சட்டம்.

பலிக்காது என்றார் நடுவர்.

"பூதத்து மேல எங்க போட்டேன் மச்சான்? தரை மேல போட்டேன்."

"சேறு எதுனால வந்துச்சு? மந்திரத்தால. மந்திரத்தால வந்த எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது, மாப்ளே."

கடைக்காரருக்குக் கோபத்தைவிட யோசனைதான் அதிகமாக இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை அவருக்குத் தெரியும். அவற்றிடம் தனியாக ஒரு வீரமும் கிடையாது. மருந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அவற்றில் இல்லை, அவ்வளவுதான். அதற்காக அவை உலகத்தின் சட்டதிட்டங்களிலிருந்து விடுதலை வாங்கிவிட்டன என்று யார் சொன்னது?

"கிருமிக்கு மருந்து பிடிக்காமப் போகலாம்," என்றார். "சோப்பு போட்டுக் கழுவுனா போகுதுல்ல? தண்ணி வந்து, உனக்கு மருந்து பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டுட்டா அடிச்சிட்டுப் போகுது?"

நடுவர், காப்பீட்டில் ஒரு விலக்கு என்றால் அதன் வாலும் தலையும் சேர்த்தே விலக்கு என்று ஒரு சொற்பொழிவு தொடங்கினார். இதில் முக்கால் மணி நேரம் போயிற்று. தேநீர் ஆறியது. முன்கடையில் யாரோ மணியை அழுத்தி, பதில் வராமல் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் வாயைத் திறந்தவர் பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் பார்த்தே பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர்.

"இந்தக் கோட்டையே மந்திரத்தால எழும்புனதுன்னு போன வாரம் ரெண்டு பக்கம் படிச்சீங்களே சார். மந்திரத்தால வந்தது ஒட்டாதுன்னா, இந்தப் பூதம் எது மேல நிக்குது?"

அந்த இரண்டு பக்கத்தை எழுத நடுவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டிருந்தார். அதை விட்டுக்கொடுப்பதா, பூதத்தை விட்டுக்கொடுப்பதா? அவருக்குள் இருந்த எழுத்தாளர் ஜெயித்தார்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டு, சொல்லிக்கொண்டே எழுதினார். மந்திரம் ஒரு செயல். சேறு ஒரு பொருள். செயல் முடிந்தபின் பொருள் வெறும் பொருளே. அதில் அகப்பட்டவரை அது இழுக்கும்.

கடைக்காரருக்கு அது போதவில்லை. பூதத்துக்கு எந்தச் சந்தும் விட்டுவைக்கக் கூடாதென்று பேனாவைப் பிடுங்கி, 'யாராக இருந்தாலும், எந்தச் சலுகையும் இன்றி' என்று தன் கையால் சேர்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக எல்லோராலும் படிக்க முடிகிற எழுத்தில் ஒரு மருந்துச்சீட்டு எழுதிய திருப்தி அவர் முகத்தில். நால்வரும் கையெழுத்திட்டார்கள். நடுவர் பூதத்துக்காகப் பகடையை உருட்டினார். தப்பிக்கக் குறைந்தது நான்கு விழ வேண்டும்; விழுந்தது மூன்று. பூதம் உள்ளே இறங்கியது. மச்சான்மேல் ஒன்று பலித்துவிட்டது என்ற நினைப்பில் கடைக்காரர் பெட்டியைவிட்டே எழுந்துவிட்டார்.

மனைவி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க மந்திரம் எவ்வளவு தூரத்துக்குத் தரையைச் சேறாக்கும்?"

"நாப்பது அடி," என்றார் பெருமையோடு.

"அண்ணா, இந்த ரூம் எவ்வளவு?"

"முப்பது."

கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடுவர் குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி, 'எந்தச் சலுகையும் இன்றி' என்ற இடத்தில் விரலை வைத்தார். மந்திரவாதிக்காக உருட்டிய பகடையில் இரண்டு விழுந்தது. தாள் இரண்டாகக் கிழிபடும் சத்தம், ஒன்பது வருடத்துக்குரிய சத்தமாக இல்லை.

சேறு ஏழு அடி ஆழம், மந்திரவாதி ஐந்தரை அடி உயரம், பூதம் பன்னிரண்டு அடி.