வெளிச்சுவரில் ஒட்டியிருந்தது

...நடுங்கவே இல்லையே, எங்கே நடுங்குகிறது, இதோ ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன், திரவம் உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடித்திருக்கும் அக்காவின் கை கல்லு மாதிரி இருக்கிறது, நான்தான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன், பத்தொன்பது வருஷமாகச் செல்களை உடைத்துப் பிரித்துக் கொடுப்பவர், பேராசிரியர் உள்பட எல்லோருக்கும் அக்கா. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, பக்கத்தில் நின்று பார், இன்றைக்கும் உன் கட்டுரையில் இருப்பது வரவில்லை என்றால் திங்கள்கிழமையிலிருந்து பாட்டில் கழுவும் அறைக்குப் போகட்டும் என்று பேராசிரியர் என்னிடம்தான் சொன்னார், நான் தலையாட்டினேன்... ஆட்டினேனா, சும்மா குனிந்தேனா? குனிந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆட்டினேன்.

டியூப்களை எதிரெதிராக வைத்து சென்ட்ரிஃபியூஜின் மூடியை அழுத்துகிறார், ஐந்து நிமிடம், சிவப்பு எண்கள் இறங்க ஆரம்பிக்கின்றன. சுற்றி முடிந்தால் உட்கரு அடியில் வண்டலாகத் தங்கும், உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் மேலே நிற்கும், என் மைக்ரோ ஆர்.என்.ஏ இரண்டில் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இவ்வளவுதான் சோதனை. உட்கருவுக்குள் நீளமாகப் பிறந்து, அங்கேயே ஒருமுறை நறுக்கப்பட்டு, வெளியே வந்து மறுபடி நறுக்கப்பட்டு, இருபத்திரண்டு எழுத்துத் துணுக்காக சைட்டோபிளாசத்தில் உட்கார்ந்துகொண்டு, புரதம் செய்யச் சொல்லி வரும் செய்திகளின் வாயை அடைக்கும், பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். என்னுடையது திரும்ப உட்கருவுக்குள் போகிறது என்று நான் கட்டுரை எழுதினேன். அப்படிச் சில போவது உண்டு, வேறு ஆட்கள் காட்டியிருக்கிறார்கள், அதனால் யாரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள், தனி அறை கொடுத்தார்கள். அப்படி என்னடா கண்டுபிடிச்சே என்று அம்மா போனில் கேட்டாள், வெளிய போனது திரும்ப வீட்டுக்கு வருதும்மா என்றேன், பரவாயில்லையே, உன்னைவிடத் தேவலை என்றாள். சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

நான்கு நிமிடம்... அக்கா எட்டு மாதமாக அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார், ஒரு தடவைகூட உட்கருவில் வரவில்லை. முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், பிறகு டியூபை, பிறகு மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார், பிறகு ஒருநாள் மதியம் என் அறை வாசலில் வந்து நின்று, கைய டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன் தம்பி, நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்காம், அப்புறம் ஏன் வர மாட்டேங்குது என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கக்கா என்றேன். சீ. போன சனிக்கிழமை யாரும் இல்லாதபோது நானே செய்து பார்த்தேன், வண்டலை ஒருமுறை கழுவினால் வருகிறது, அக்கா மாதிரி மூன்று முறை கழுவினால் துடைத்துவிட்டதுபோல ஒன்றுமில்லை. உள்ளே போகவே இல்லை அது. உட்கருவின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் சவ்வில் இருந்திருக்கிறது, வாசற்படியில் நின்றவனை வீட்டுக்காரன் என்று எழுதிவிட்டேன். முதல் சோதனை அன்றைக்கு ஏன் ஒரே ஒருமுறை கழுவினேன்? பசி, அவசரம், என்னவோ. அது தப்பு, யாருக்கும் வரும். ஆனால் சனிக்கிழமைதான் தெரிந்ததா? கட்டுரைக்குப் படம் தயார் செய்தபோதே, உட்கருவின் வரிசையில் இருக்கவே கூடாத சைட்டோபிளாசப் புரதம் மங்கலாக ஒரு கோடு போட்டிருந்தது, சரியாகக் கழுவவில்லை என்பதற்கு அதுவே அடையாளம், படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினேன், கோடு போய்விட்டது, டீ குடிக்கப் போனேன். எப்படிக் குடித்தேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு நிமிடம் பத்து. இப்போதே சொல்லிவிடலாம், அக்கா, உங்க கை சுத்தம், அதனாலதான் வரல, இவ்வளவுதான், ஒரு வரி, சொன்னால் கட்டுரை போகும், அறை போகும், பேராசிரியர் முகத்தில் எப்படி முழிப்பது, சொல்லாவிட்டால் இந்த அம்மாள் தன் கையைத் தானே நம்பாமல் மீதி வருஷமெல்லாம் பாட்டில் கழுவுவார்... சொல்கிறேன், நின்றதும் சொல்கிறேன். நின்றுவிட்டது. அக்கா டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேலே நின்றதை உறிஞ்சி வேறு டியூபில் விட்டு, ஐஸில் குத்தி வைக்கிறார்.

"எத்தன தடவ கழுவட்டும் தம்பி?"

இப்படி அவர் கேட்டதே இல்லை. எப்பவும் போலத்தான் என்றேன்.

"எப்பவும் மூணு." நிமிரவில்லை, குரலைத் தாழ்த்துகிறார். "நேத்து சும்மா ஒரு தடவ மட்டும் கழுவிப் பாத்தேன். வந்துச்சு, உங்க பேப்பர்ல இருக்கற மாதிரியே. யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் அந்தப் பாட்டில் ரூமுக்குப் போக இஷ்டமில்ல... நீங்களே சொல்லுங்க, ஒண்ணா, மூணா?"

மூணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், திறந்தபடியே நிற்கிறேன், அக்கா பிப்பெட்டோடு காத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றதும் வெட்கம் பிடுங்கித் தின்றிருக்க வேண்டும், தின்கிறதுதான், ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம்தான், இனி நான் மட்டுமில்லை, அப்பாடா என்று இருந்தது.