உதட்டைச் சுற்றிய பச்சை

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் டோர்செட் பார்க்கில் ஜெயமலர் நடத்தும் ஒளிப்பட ஸ்ரூடியோவுக்கு வருபவை பெரும்பாலும் இறந்தவர்களின் படங்கள். கறையைத் துடைத்து, முகத்தை வெளுப்பாக்கி, பின்னால் நீலவானம் வைத்துக் கொடுத்தால் குடும்பத்தார் மகிழ்ந்துபோவார்கள். சாச்சிகோ என்ற வாடிக்கையாளர் தந்த நூறாண்டுப் பழைய படத்தையும் அவர் அப்படித்தான் செய்தார். மரநார் அங்கி அணிந்த பெண். ஜப்பானின் வடக்குத் தீவிலுள்ள ஐனு என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்தவள், சாச்சிகோவின் அம்மம்மாவைப் பெற்றவள். படத்தின் நடுவே, வாயை வெட்டிக்கொண்டு ஒரு மடிப்பு. உதட்டின் ஒரு பக்கம் கருமை. பூஞ்சணம் என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டார்.

திரையைப் பார்த்த சாச்சிகோ துடைக்கப்பட்ட உதட்டை விரலால் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அது பச்சை குத்தியது. அது இருந்தால்தான் மறுவுலகில் முன்னோர் தங்கள் பெண்ணை அடையாளம் காண்பார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. அரசாங்கம் அந்த வழக்கத்தைத் தடைசெய்தது. அந்தப் பூட்டிக்கு இருக்கும் படம் இது ஒன்றுதான். சனிக்கிழமை பார்க்டேல் மண்டபத்தில் நடக்கும் ஐனு விழாவில் இதைப் பெரிதாக வைக்க வேண்டும். ஜப்பானிலிருந்து அம்மா வருகிறார். அந்த வாயை அவர் முழுதாகக் கண்டதேயில்லை.

"போன மாசம் சிவபாதண்ணையின்ர மச்சத்தைத் துடைச்சு, மனிசியிட்டப் பேச்சு வாங்கினீர். இப்ப உது," என்றார் கணவர் வாகீசன்.

துடைத்ததை மீட்பது எளிது. முதல் நகல் கணினியில் இருந்தது. ஆனால் மடிப்பின் மறுபக்கம் உதடே இல்லை. இருக்கும் பாதியைத் திருப்பி ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார் வாகீசன்.

"அவவின்ர முன்னோருக்குத் தெரியுமப்பா."

ஜெயமலர் சாமிப்படத்தின் முன் கண்மூடி நின்றார். பிறகு மூலப்படத்தை லென்ஸில் பார்த்தார். மடிப்பு மட்டும் தடிப்பாக இருந்தது. தாள் உள்ளே மடிந்து ஒட்டியிருந்தது. சாச்சிகோவிடம் கேட்டுக்கொண்டு, ஈரப்பஞ்சை ஒற்றி ஒற்றிப் பொறுமையாக இளக்கினார். பொறுமையான கைக்குக் கடவுள் துணை நிற்பார். மெல்லிய பட்டை விரிந்தது. வெளிச்சமே படாத பச்சை, மைபோலக் கருமையாக. பக்கத்தில் நின்ற சாச்சிகோ அவருடைய தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, தன்னைவிட உயரமான படத்தின் முன் நின்ற சாச்சிகோவின் அம்மா, தன் வெறும் உதடுகளைத் தொட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் ஆங்கிலத்தில் சொன்னதை ஜெயமலர் கணவரிடம் சொன்னார்:

"இனி அவவின்ர ஆக்கள் அவவைக் கண்டுபிடிச்சிடுவினமாம்."

மண்டபமே எழுந்து கைதட்டியது. அம்மா ஐனுக்களின் வட்ட ஆட்டத்தைத் தொடங்கி, ஜெயமலரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். வாகீசன் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

கால் தடுமாறி, வியர்த்து வழிந்து, ஜெயமலர் சிரித்தார்.

"எடுங்கோ. ஒண்டையும் துடைக்க மாட்டன்."