ஏலத்தில் கை தூக்கியவர்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன ஆண்டில், ஓர் அதிகாரியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, மரத்தால் செய்த தலைப்பாகைக்காரர் ஒருவர் கை தூக்கி, மரத்தால் செய்த பெண்ணொருத்தியை ஏலம் கேட்டார். அன்று நல்ல வெயில். கதிரைகள் மலிவாகப் போயின.

தலைப்பாகைக்காரரைச் சற்று முன்புதான் பழைய தளபாட வியாபாரி ஞானசேகரம் எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். இடுப்புயரம், இரண்டு கையும் தொடையோடு சேர்த்துச் செதுக்கியது. குடமேந்திய பெண்ணும் அதே மரத்தில், அதே உளியில் பிறந்தவள். ஆனால் ஏலம் கூறும் கனகசுந்தரம் இருவருக்கும் வேறு வேறு இலக்கம் ஒட்டிவிட்டார். ஊர் வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏலத்துக்கு முன் தேநீர்க் கடையில் கூடி, யார் எதை எடுப்பது என்று பேசி வைத்துக்கொள்வார்கள்; ஒருவர் பொருளுக்கு மற்றவர் கை தூக்குவதில்லை. அன்று அந்த மரப்பெண் இன்னொரு வியாபாரியான பக்கீரின் பங்கு. அவளைக் கொழும்புக்கு அனுப்ப அவர் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

ஞானசேகரம் பேச்சு மாறாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர் கடைவீதியில் மட்டுந்தான் செல்லுபடியாகும். கடலோரக் கிராமமான சல்லியில் நடக்கும் அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக மனைவி கமலாதேவியிடம் வருடாவருடம் சொல்லுவார். வருடாவருடம் ஏதாவது ஏலம் வந்துவிடும். “எனக்குத் தந்த சொல்லைத் தவிர எல்லாருக்கும் தந்த சொல்லைக் காப்பாத்துறீங்கள்” என்று சொல்லிவிட்டு, அந்தமுறை பொங்கலுக்குப் போனவள் சல்லியில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். போய்க் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. மனுஷனுக்கு ரோசம் வேறு.

பக்கீர் மரப்பெண்ணுக்கு விலை கேட்டார். “ஒரு தரம், இரண்டு தரம்” என்றார் கனகசுந்தரம். அப்போதுதான் மரக்கை எழுந்தது. தொடையில் சாயம் படாத இடம் கைவடிவில் வெளுப்பாகத் தெரிந்தது. கனகசுந்தரத்துக்குத் தூக்கிய கை என்றால் தூக்கிய கைதான்.

“அது ஆற்ற கை? ஆர் கேக்கிறது?” என்றார் அவர்.

பக்கீர் திரும்பிப் பார்த்தார். தன்னுடையதல்ல என்று ஞானசேகரம் சொன்னால் பெண் கொழும்புக்குப் போய்விடுவாள். தன்னுடையது என்றால் கடைவீதியில் கட்டிக் காத்த பெயர் போய்விடும். ஒரு மரத்துக்கு இருக்கிற துணிவு தனக்கில்லையே என்று ஞானசேகரத்துக்கு வெட்கமாயிருந்தது.

“ஓம் ஐயா, என்ர கைதான்.”

திகைப்பில் பக்கீர் மேலே விலை கேட்கவும் மறந்துபோனார்.

தலைப்பாகைக்காரரையும் குடமேந்திய பெண்ணையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஞானசேகரம் நேரே சல்லிக்குப் போனார். கமலாதேவி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“இவர் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்?”

“அது நான் தூக்கியிருக்க வேண்டிய கை. எனக்கு எழும்பயில்லை. வாரும், வீட்ட போவம்.”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். மரக்கையும் இறங்கித் தொடையில் பொருந்தியது.

பக்கீர் நெடுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகொருநாள் தானே வந்து, தலைப்பாகைக்காரரை மேலும் கீழும் பார்த்து, “இனி ஏலத்துக்கு முன்னுக்கே இவரோடயும் கதைச்சு வைக்கோணும்” என்றார். அன்றிலிருந்து தேநீர்க் கடையில் தலைப்பாகைக்காரருக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள்.

ஒவ்வொரு அம்மன் பொங்கலன்றும் காலையில் மரக்கை எழும்பும். எந்த ஏலம் இருந்தாலும் ஞானசேகரம் கடையைப் பூட்டுவார். பூட்டிய பிறகுதான் கை இறங்கும். 1980ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவர் விடியமுன்னமே வேட்டி கட்டி வாசலில் நின்றார். கமலாதேவி உள்ளே எட்டிப் பார்த்தாள். கை தொடையிலேயே இருந்தது.

“இந்தமுறை இவர் பேசாமல் இருக்கிறார்” என்றாள்.

இரண்டு பொம்மைகளையும் துடைத்து வைத்துவிட்டு இருவரும் நடந்தார்கள். பஸ் நேரத்துக்கு வந்தது.