மான் தொடாத பச்சை

லூயெல்லா இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெரணிச்செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்குகிற சரிவு முழுக்க அதுதான். இங்கே பிடுங்கினால் மண்ணுக்கடியில் தண்டு ஓடி, நாலடி தள்ளித் தலைகாட்டும். அவள் அதற்கு வைத்த ஒரே பெயர் சனியன். அவள் கணவன் மெர்வினுக்கோ அதன்மேல் கொள்ளைப் பிரியம். வேலைவிட்டு வந்ததும் முழங்கால்வரை அதற்குள் இறங்கிச் சும்மா நிற்பான்.

மகள் டெரீஸாவுக்குத் தோட்டத்திலேயே கல்யாணம். கடைப் பூ ஒன்றுகூட உள்ளே வராது, எல்லாம் என் கையால் வளர்த்தது என்று சம்பந்தியம்மா க்ளாடிஸிடம் லூயெல்லா ஏற்கெனவே பெருமையடித்து வைத்திருந்தாள். கல்யாணத்தன்று விடிந்து பார்த்தால், மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. லில்லி இல்லை, ரோஜா இல்லை, மொட்டைக் காம்புகள்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை, பூக்கடையும் கிடையாது. க்ளாடிஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று லூயெல்லா படியில் உட்கார்ந்து அழுதாள்.

மெர்வின் அரிவாளோடு சரிவில் இறங்கினான். மான் வாய்வைக்காமல் விட்டிருந்தது பெரணியை மட்டும்தான்.

"அந்தச் சனியனையா? மத்தியானத்துக்குள்ள வாடித் தொலையும்."

"வாடட்டும். வாடினாத்தான் அதோட குணம் தெரியும்."

வேறு வழியில்லாமல் அவளும் அறுத்தாள். ஓர் இலையைக் கையில் ஏந்தியபோது அசந்துபோனாள். பின்னல் துணி மாதிரி அவ்வளவு நுணுக்கம், இளம்பச்சை, தொட்டால் பூனைமுடி. இத்தனை வருஷமும் இதன் கழுத்தைப் பிடித்தாளே தவிர முகத்தைப் பார்த்ததில்லை.

மணப்பெண் வரும் பாதை நெடுகப் பரப்பினார்கள். மூன்று மணிக்கு எல்லாம் துவண்டு கிடந்தது. க்ளாடிஸ் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள். லூயெல்லாவுக்கு உயிரே போயிற்று.

டெரீஸா அப்பாவின் கைபிடித்து வந்தாள். அவள் காலடி பட்டதும் வாசம் கிளம்பியது. அன்றைக்கு அறுத்த புல் வெயிலில் காய்கிற அதே வாசம், அதைவிட இனிப்பாக. உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்து மோந்து பார்த்தார்கள். டெரீஸாவே நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.

மகளை ஒப்படைத்துவிட்டு மெர்வின் வந்து உட்கார்ந்தான். க்ளாடிஸ் எதிர்வரிசையிலிருந்து சாய்ந்து கேட்டாள்.

"என்ன செடி சம்பந்தி இது? எங்க வாங்குனீங்க?"

லூயெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்குறதா? நான்தான் சொன்னேனே, எல்லாம் நம்ம வீட்டுல வளர்த்ததுன்னு."

மெர்வினுக்குச் சிரிப்பு முட்டியது. அவள் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.