நாலே முக்கால் கிலோமீட்டர்

காலை ஏழு பத்துக்கு அப்பாவின் மூச்சு நின்றபோது அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அம்மா கட்டிலின் தலைமாட்டில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில். தம்பி கால்மாட்டில், தரையில். தம்பி மனைவி வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. மூத்தவள் ஜன்னலோரம் ஸ்டூலில், மடியில் நோட்டுடன். அவளுக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டையின் மேல், இரண்டு ஜிபிஎஸ் கருவிகள் முந்தின நாள் மாலை ஆறு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன.

யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், குளிருக்கு இழுத்துவிடுவதுபோல. மூத்தவள் நேரத்தை எழுதினாள். அலுவலகத்தில் தபால் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். வந்த நேரம், போன நேரம் எழுதாமல் அவள் கை நிற்காது.

இரண்டு மாதத்துக்கு முன் தம்பி தனியாகப் படகில் போனான். போன் தண்ணீரில் விழுந்துவிட, பனிமூட்டத்தில் திசை தெரியாமல் பத்தொன்பது மணி நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தான். நாற்பது வருடம் அதே படகை ஓட்டிய அப்பா, அவ்வளவு நேரமும் எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார். வந்தவனைத் திட்டவில்லை. மூத்தவளைக் கூப்பிட்டு, கையில் வைத்துக்கொள்கிற ஜிபிஎஸ் வேண்டுமென்று கடைக்கு எழுதச் சொன்னார். கடை இரண்டு மாடல் அனுப்பியது. பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். வேண்டாததைக் காரணம் எழுதித் திருப்பிவிட வேண்டும்.

ஒன்று பெரிய வண்ணத்திரை, விரலால் தொட்டால் நகரும், சார்ஜ் போட்டால் போதும். மற்றது பொத்தான் வைத்தது, சின்னத் திரை, இரண்டு பென்சில் செல்லில் ஓடும். தம்பிக்குப் பார்த்ததுமே வண்ணத்திரை பிடித்துவிட்டது. மற்றதைக் காட்டி, டிவி ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகச் சொல்கிறீர்களா என்றான்.

அப்பா அவசரப்படவில்லை. என்ஜின் மெக்கானிக்கை வரவழைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

"கடலையே வீட்டுக்கு வரவழைச்சிட்டீங்களேண்ணே" என்றார் மெக்கானிக்.

இரண்டையும் போட்டார்கள். பொத்தான் வைத்தது மிதந்தது. மற்றது அடியில் போய் உட்கார்ந்து அங்கிருந்தே ஒளிர்ந்தது.

"நான் எதுக்கு அதைத் தண்ணில போடப்போறேன்?" என்றான் தம்பி.

"போனையும் நீயா போடல" என்றார் அப்பா.

வாளியிலிருந்து எடுத்த வண்ணத்திரையை நனைந்த கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். அது அவர் கேட்காத இடத்துக்கெல்லாம் ஓடியது. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். பதினைந்து வருடமாகக் கடலில் இருக்கிறவன்மேல் நம்பிக்கை இல்லாததால்தானே இதெல்லாம் என்று அவன் மனைவியிடம் சொன்னது உள்ளே கேட்டது.

பொத்தான் வைத்ததையே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிவிடட்டுமா என்றாள் மூத்தவள். அப்பா தலையசைத்து மறுத்தார்.

"நல்லதா பாத்து வாங்கி, அவன் அதை வீட்லயே வச்சிட்டுப் போனா என்னம்மா பிரயோஜனம்? வீடு எங்கயும் வழி தவறிப் போகப்போறதில்ல. அவனா எடுக்கணும்."

கடைசியாக பேட்டரி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும், தானாக அணையும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, அணைந்த நேரத்தை எழுத வேண்டும் என்றார். மூத்தவள் நோட்டில் இரண்டு கட்டம் போட்டாள். மறுநாள் காலை அவர் இல்லை.

பத்து நாற்பதுக்கு வண்ணத்திரை அணைந்தது. அறை நிறைய ஆட்கள். அவள் முதல் கட்டத்தில் நேரம் குறித்ததை ஒரு சித்தி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மெக்கானிக் மட்டும் குனிந்து, இன்னொன்று என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டார். ஓடுகிறது என்றாள். அதன்பிறகு அவர் ஜன்னலை மறித்தே நின்றார், யாருடைய முழங்கையும் படாமல். நான்கு மணிக்கு அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதுதான் நகர்ந்தார்.

மறுநாள், பதினைந்தாவது நாள். மூத்தவள் மேசைமேல் இரண்டு பெட்டிகளையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதை மூடுவது என்று அவளாக முடிவு செய்ய முடியவில்லை. காலை ஆறரைக்குத் தம்பி வந்தான். படகில் தண்ணீர் ஏறியிருக்கும், இறைத்துவிட்டு, துறைமுகத்துக்குள்ளே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். போகிறவன் காலிக் கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

"இது இன்னுமா அணையல?"

"முப்பத்தாறரை மணி நேரம் ஆச்சு."

எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினான். இன்னொன்றை அழுத்தினான்.

"நாலே முக்கால் கிலோமீட்டர் போயிருக்குன்னு காட்டுது. யாரு எடுத்துட்டுப் போனதுக்கா?"

"யாரும் தொடல. கூரைக்குக் கீழ இருந்தா அதுக்கு இடம் சரியாப் பிடிபடாதாம். இருந்த இடத்துலயே அங்கங்க அலையும்னு கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கு."

திரையில் ஒரு கோடு, வீட்டைச் சுற்றிச் சுற்றிச் சிக்கலாகக் கிடந்தது. தெருவரை போய்த் திரும்பியிருந்தது. கொல்லைப்பக்கம் போயிருந்தது. ஒரு தடவை நேராகக் கரைப்பக்கம் கொஞ்ச தூரம் போய், மறுபடி கட்டிலுக்கு வந்திருந்தது. தம்பி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"செல் மாத்தினா இது அழிஞ்சிடுமா?"

"அழியாது. மாத்து செல் மேசைல இருக்கு."

இரண்டு செல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கருவியின் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, உள்ளே விட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

மூத்தவள் வண்ணத்திரையைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்து மூடினாள். தேதி போட்டு, ஐயா என்று தொடங்கினாள். தாங்கள் அனுப்பிய இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்கிறோம், மற்றதை இத்துடன் திருப்புகிறோம். காரணம் என்ற இடத்தில் 'எங்கள் அப்பா' என்று எழுதிவிட்டாள். அடித்துத் திருத்திய கடிதத்தை அவள் எங்கும் அனுப்பியதில்லை. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினாள். காரணம்: ஈரக் கையில் வேலை செய்யவில்லை.

தபால் நிலையத்தில் உறையின் வாயை ஒட்டி, பார்சலோடு சேர்த்துக் கட்டினாள். எடை போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் இருந்த நேரத்தை நோட்டில் எழுதினாள், பத்து ஐந்து. அதற்கு மேலே இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.