அத்தீஜாவைக் கூப்பிட்டவன்

காட்டுக்காரர்கள் வந்து அத்தீஜாவைப் பிடித்துக்கொண்டு போனபோது அவள் புருஷன் சூஃபோ கடலில் இருந்தான். நானும் அவனோடு இருந்தேன். வலையை வாரிக்கொண்டு திரும்பினால் கரையில் ஊரே எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆயுதக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு, எங்கள் கரையோரத்துப் பையன்களும் உண்டு. ஆண்களை வெட்டிப் போட்டார்கள், பெண்களைக் காட்டுக்கு ஓட்டிப் போனார்கள். தப்பித்தவர்கள் தெற்கே அகதி முகாமுக்குப் போனோம். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு மழைக்காலம் கழிந்தது.

அதன் பிறகுதான் எங்களுக்கு உதவ நட்பு நாடு ஒன்றின் படை வந்து இறங்கியது. எங்கள் ராணுவமும் அவர்களும் சேர்ந்து துறைமுகத்தைப் பிடித்துவிட்டதாக வானொலி சொன்னது. மிஞ்சிய காட்டுக்காரர்கள் எங்கள் ஊருக்கு வடக்கே சுரபுன்னைச் சதுப்புக் காட்டில் பதுங்கியிருந்தார்கள். சாலை முழுக்கக் கண்ணிவெடி. உப்பங்கழி வழியாகப் படையைத் தோணியில் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று முகாமில் வந்து கேட்டார்கள். சூஃபோ எழுந்து நின்றான். அவன் எழுந்ததால் நானும் எழுந்தேன்.

எங்கள் ராணுவத்து லெப்டினன்ட் நாட்டின் தென்கோடிக்காரர். அவர் பேசிய போர்த்துகீசு எங்கள் காதில் ஏறவில்லை. வந்த படையின் கேப்டன் கசானா பேசியதோ சுவாஹிலி. எங்கள் பேச்சுக்கு நெருக்கம்; கரடுமுரடாக இருந்தாலும் விளங்கியது.

“நம்மாளு பேசுறது புரியல, வந்தவன் பேசுறது புரியுது. இது என்னடா கூத்து?” என்றான் சூஃபோ. முகாமுக்கு வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

காட்டுக்குள் பெண்கள் இருக்கிறார்கள், குண்டு போடக்கூடாது என்று கேப்டனிடம் கேட்டுக்கொண்டான்.

“குண்டெல்லாம் இல்ல அண்ணே, நடந்துதான் போறோம்,” என்றார் கசானா. “ஆனா பொம்பளைங்க சிதறி ஓடிட்டா நீதான் கூப்பிடணும். எங்க குரலைக் கேட்டா இன்னும் ஓடுவாங்க.”

விடியும்போது இரு படைகளும் இரண்டு பக்கமிருந்து நுழைந்தன. நாங்கள் தோணிகளோடு கழியில் காத்திருந்தோம். வெயில் ஏறுவதற்குள் சுடும் சத்தம் அடங்கிவிட்டது. காட்டுக்காரர்களின் கொட்டில்களில் மரவள்ளிக் கிழங்கு அடுப்பிலேயே கருகிக்கொண்டிருந்தது. கொடிகளில் பெண்களின் துணிகள் காய்ந்தன. பெண்கள்தான் இல்லை. சிப்பாய்கள் கையில் சிக்கினால் கழுத்தை அறுப்பார்கள் என்று சொல்லி முதல் வெடியிலேயே காட்டுக்காரர்கள் அவர்களைச் சதுப்புக்குள் விரட்டிவிட்டிருந்தார்கள்.

கசானா எங்களுக்குக் கை காட்டினார். சூஃபோ தோணியின் முனையில் ஏறி நின்றான்.

“அத்தீஜா! நான்தான், சூஃபோ. பயப்படாத, வா!”

கழி நெடுகப் போய்க் கூப்பிட்டான். தொண்டை கட்டிக்கொண்டது. கடல் ஏறி, மர வேர்கள் ஒவ்வொன்றாக முங்கின. பதிலே இல்லை. நீர் பெருகியதும் திரும்பிவிட்டோம்.

மறுநாள் நீர் வற்றியபோது, காட்டின் மறுபக்கத்து மணல்கரையில் பெண்கள் தாமாகவே வெளியே வந்தார்கள். இடுப்பு வரை சேறு. சிப்பாய்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூஃபோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் எங்கள் ஊர் முவனாஷா, முதுகில் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

வேர்களுக்கு நடுவே ஒளிந்திருந்தபோது குரல் கேட்டது என்று சொன்னாள். மற்றவர்கள் அது சூழ்ச்சி என்றார்கள். முன்னொரு தரம் காட்டுக்காரர்கள் தாங்கள் பிடித்த ஊர்க்காரன் ஒருவனை இப்படிக் கூப்பிடவைத்து, நம்பிப் போன பெண்களை அடித்தே கொன்றிருந்தார்கள். அத்தீஜா மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

“எம்புருஷன் குரல் எனக்குத் தெரியாதான்னு சிரிச்சா அண்ணே. புள்ளைய அவுத்து என் கையில குடுத்தா. நடுவுல கழி ரொம்பிக் கெடந்துச்சு. புடிச்சுப் பாத்தோம், உதறிட்டுப் போயிட்டா.”

“அவளுக்கு நீந்தத் தெரியுமே,” என்றான் சூஃபோ.

“தெரியும். சேறு கால விடல.”

கசானா வந்து தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார். “கூப்பிடச் சொன்னது நான்,” என்றார்.

“அவ கேட்டது என் குரலத்தான ஐயா,” என்றான் சூஃபோ.

அடுத்து நீர் வற்றியபோது அவளை வேர்களிலிருந்து எடுத்தோம். குழி வெட்ட இரண்டு படைகளின் சிப்பாய்களும் கை கொடுத்தார்கள். லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். யாரும் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

குழந்தையின் தகப்பன் காட்டுக்காரன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முகாமில் இருந்த அத்தீஜாவின் தம்பியே அதைப் பாதிரிமார் விடுதியில் விட்டுவிடச் சொன்னான். சூஃபோ அவனோடு வாதாடவில்லை. ஊர் திரும்பும் தோணியில் முவனாஷாவின் முதுகிலிருந்து குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

இப்போது ஊரில் தகரக் கூரைகள் ஏறிவிட்டன. மீனும் வருகிறது. பகலில் முவனாஷா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். சூஃபோ யாரையும் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. கரையின் மறுகோடியில் நான் நின்றாலும் நடந்து வந்துதான் பேசுகிறான். பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. அவனை அப்பா என்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.